நீரில் அரிதாகக் கரையும் வேதிப்பொருளின் சுற்றுச்சூழல் தீங்கை மதிப்பிடுதல்: முழுமையான வழிகாட்டி

நீரில் அரிதாகக் கரையும் பொருளை முதன்முறையாக மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மீன், டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு, பாசி ஆகிய மூன்றிலும் குறுகிய காலச் சோதனை நடத்துகிறார்கள். கரைதிறன் எல்லை வரை எந்த விளைவும் தெரியவில்லை என்றதும், சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று முடிவெழுதிவிடுகிறார்கள். அந்தச் சில நாள்களுக்குள், நீர் ஏற்றுக்கொண்ட அந்தச் சிறு அளவால், அந்த உயிரிகளிடம் விளைவு தெரியவில்லை என்பதற்கு மேல் அச்சோதனைகள் எதையும் சொல்வதில்லை. நீர் ஏற்காத மீதிப் பொருள் வண்டலுக்கோ மண்ணுக்கோ உயிரிகளின் கொழுப்புக்கோ போய்ச் சேர்கிறது. மதிப்பீடும் அதைப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

இங்கே படிகளின் வரிசைக்கே முதன்மை தந்திருக்கிறேன். எந்தச் சோதனை, எந்தச் செறிவு, எந்தக் கலம் என்பதையெல்லாம் முந்தைய படியின் முடிவே தீர்மானிக்கிறது. வரிசை மாறினால் முடித்த சோதனையை மறுபடி செய்ய நேரும்; மீன்களைப் பயன்படுத்தும் சோதனைகளில் அது பண இழப்போடு நிற்காமல் வீணான உயிரிழப்பாகவும் ஆகிவிடும்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

பொருளின் கட்டமைப்பு வாய்பாடு, தூய்மை விழுக்காடு, ஒரு விழுக்காட்டுக்கு மேலுள்ள மாசுகளின் பட்டியல், உருகுநிலை, ஆவி அழுத்தம், நீர்ப்பகுப்புத் தகவல் ஆகியவை முதலில் வேண்டும். இவற்றில் மாசுப் பட்டியலைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். முதன்மைப் பொருள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே கரையும்போது, இரண்டு விழுக்காடே உள்ள ஒரு மாசு நன்றாகக் கரையக்கூடியதாக இருந்தால், சோதனைக் கலத்து நீரில் அந்த மாசுதான் மிகுந்திருக்கும். பிறகு காணும் நச்சுத்தன்மை யாருடையது என்று பிரித்தறிய வழியிருக்காது.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி வெளியிட்டுள்ள 23ஆம் வழிகாட்டு ஆவணத்தின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கக் கடினமான பொருள்களை நீர்வாழ் உயிரிகளில் எப்படிச் சோதிப்பது என்பதற்கென்றே எழுதப்பட்டது அது. தனித்தனிச் சோதனை நெறிமுறைகள், நன்கு கரையும் பொருளை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன.

2. பொருள் எந்த வகை என்பதை முடிவுசெய்தல்

தனிச் சேர்மமா, பல கூறுகளின் கலவையா, அயனியாகக் கூடியதா, பரப்பு இழுவிசையைக் குறைப்பதா, உலோகமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. இந்த வழிகாட்டி முதன்மையாகத் தனிக் கரிமச் சேர்மத்துக்கானது. உலோகங்களுக்கும் அரிதாகக் கரையும் உலோகச் சேர்மங்களுக்கும் பாதை வேறு: நீரில் இட்டு எவ்வளவு அயனி வெளிவருகிறது என்பதை 7 நாள்களும், தேவையெனில் 28 நாள்களும் அளந்து, அந்த அயனியின் நச்சுத்தன்மையோடு ஒப்பிட வேண்டும். பொருள் நீரைவிடக் கொழுப்பை எவ்வளவு நாடுகிறது என்பதைக் காட்டும் ஆக்டனால்–நீர் பகிர்வுக் கெழு அங்கே உதவாது.

அயனியாகக் கூடிய பொருளாயின், நீரின் அமில-காரத்தன்மையைப் பொறுத்துக் கரைதிறன் பல மடங்கு மாறும். ஆகவே எந்த மதிப்பைக் குறித்தாலும், அது எந்த பிஎச் அளவில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

3. கரைதிறனை உண்மையாகவே அளத்தல்

லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரையும் பொருள்களை அரிதாகக் கரைபவை என்று கொள்வது நடைமுறை. ஓஇசிடி 105ஆம் நெறிமுறையில் இரண்டு முறைகள் உள்ளன. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கரைபவற்றுக்குக் குடுவை முறை; அதற்குக் குறைவானவற்றுக்கு, கண்ணாடி மணிகள் போன்ற தாங்கியின் மீது பொருளைப் பூசி, அதன் வழியே நீரை மெல்லச் செலுத்தும் நிரல் முறை.

அரிதாகக் கரையும் பொருளுக்குக் குடுவை முறையைப் பயன்படுத்தி வேகமாகக் குலுக்குவதே இங்கே மிகுதியாக நிகழும் பிழை. குலுக்கும்போது பொருள் நுண்துளிகளாகவோ நுண்துகள்களாகவோ உடைந்து நீரில் மிதக்கிறது. பகுப்பாய்வுக் கருவி கரைந்ததையும் மிதப்பதையும் பிரித்துப் பார்க்காது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்துவிடும். உண்மை மதிப்பைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு உயர்ந்த கரைதிறன்கள் இப்படித்தான் கோப்புகளுக்குள் நுழைகின்றன. நிரல் முறையில் நீரோட்டத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி அளக்கச் சொல்வது இதனால்தான்: வேகம் மாறியும் மதிப்பு மாறவில்லையென்றால், வெளிவந்தது கரைசல் என்று நம்பலாம். பொருள் நீர்மமாக இருந்தால், நீர்ப்பரப்பில் சுழல் விழாதபடி மிக மெதுவாகக் கலக்கும் முறை நிரல் முறையைவிட நம்பகமானது.

கரைதிறன் குறைவு என்ற ஒற்றைத் தகவலிலிருந்து பொருளின் இயல்பை ஊகித்துவிடவும் கூடாது. ஆந்த்ரசீனும் பினாந்த்ரீனும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை. இரண்டின் ஆக்டனால்–நீர் பகிர்வுக் கெழுவின் மடக்கை மதிப்பும் ஏறத்தாழ 4.5தான். ஆயினும் 25 டிகிரி செல்சியஸில் பினாந்த்ரீன் லிட்டருக்குச் சுமார் 1.1 மில்லிகிராம் கரைய, ஆந்த்ரசீன் சுமார் 0.045 மில்லிகிராம் மட்டுமே கரைகிறது. ஆந்த்ரசீன் ஏறத்தாழ 216 டிகிரியில் உருகுவது, பினாந்த்ரீன் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே உருகிவிடுவது. படிகப் பிணைப்பின் வலிமைதான் இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம். கொழுப்பின் மீதான நாட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே உருகுநிலை, பகிர்வுக் கெழு, கரைதிறன் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் பொருளின் நடத்தை பிடிபடும்.

சோதனை நடக்கும் வெப்பநிலையிலும், சோதனைக்குப் பயன்படும் அதே நீரிலும் கரைதிறனை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. குளிர்நீர் மீன்களுக்கான கலத்திலும் உப்புநீரிலும் கரிமப் பொருள்கள் பொதுவாக இன்னும் குறைவாகவே கரையும். 25 டிகிரியில் தூய நீரில் அளந்த மதிப்பை அங்கே எல்லையாகக் கொண்டால், மேல்செறிவுகளில் கரையாப் பொருள் மிதக்கத் தொடங்கிவிடும்.

4. பகுப்பாய்வு முறையை முன்கூட்டியே நிலைநிறுத்துதல்

உயிரிகளை வரவழைக்கும் முன்பே, கரைதிறனில் பத்தில் ஒரு பங்கையாவது உறுதியாக அளக்கக்கூடிய முறை கையில் இருக்க வேண்டும். கரைதிறன் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்றால், 2 மைக்ரோகிராமை அளக்க முடியாத ஆய்வுக்கூடம் அந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது. அளக்க முடியாத செறிவில் கிடைத்த நச்சுத்தன்மை முடிவை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்கமாட்டார்.

மாதிரி எடுக்கும் முறையையும் இப்போதே சோதித்துவிடுங்கள். இத்தகைய பொருள்கள் நெகிழியிலும் ரப்பரிலும் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணாடியும் டெஃப்லானும் ஓரளவு பாதுகாப்பானவை, ஆனால் கண்ணாடிச் சுவரிலும் இழப்பு உண்டு. மாதிரிக் குப்பியிலிருந்து நீரை ஊற்றிவிட்டு, காலிக் குப்பியைக் கரிமக் கரைப்பானால் அலசி, அந்த அலசலையும் தனியே அளந்து பார்த்தால், எவ்வளவு பொருள் சுவரில் தங்கியது என்பது கண்முன் தெரியும். நான் பார்த்த வரையில், இந்தச் சிறு முன்சோதனையைத் தவிர்த்தவர்கள்தாம் பின்னாளில் செறிவு ஏன் குறைந்தது என்று விளக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

வடிதாள் பயன்படுத்துவதிலும் இதே சிக்கல் உண்டு: கரையாத் துகளை அகற்றும் வடிதாள், கரைந்த பொருளையும் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் வரும் வடிநீரை ஒதுக்கிவிட்டு, வடிதாள் நிறைவுற்ற பிறகு வருவதை மட்டும் எடுப்பது ஒரு வழி. மையவிலக்குக் கருவியில் சுழற்றித் தெளிநீரை எடுப்பது அதைவிட நல்ல வழி. பொருளின் அடர்த்தி நீரை ஒத்திருந்தால் மட்டும் அது பலிக்காது.

5. பொருள் எங்கே போய்ச் சேரும் என்று கணித்தல்

ஆக்டனால்–நீர் பகிர்வுக் கெழுவை அளக்கும் முறைக்கும் எல்லைகள் உண்டு. குலுக்கு குடுவை முறை மடக்கை மதிப்பு 4 வரைதான் செல்லும். நீர்ம நிறப்பகுப்பு முறை 6 வரை மதிப்பிடும். மெதுவாகக் கலக்கும் ஓஇசிடி 123ஆம் நெறிமுறை 8.2 வரை நம்பத்தக்கது. 4க்கு மேல் இருக்கக்கூடும் என்று தெரிந்தால் குலுக்கு குடுவையைத் தொடவே வேண்டாம். நீரில் சிதறிய ஆக்டனால் நுண்துளிகள் பொருளைச் சுமந்து நின்று, கெழுவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடும்; உயிர்த்திரட்சி, அதாவது பொருள் உயிரிகளின் உடலில் சேர்ந்துகொண்டே போவது, பற்றிய ஐயம் எழ வேண்டிய இடத்தில் எழாமலே போகும்.

அடுத்தது, மண்ணிலும் வண்டலிலும் உள்ள கரிமப் பகுதியைப் பொருள் எவ்வளவு நாடுகிறது என்பதைக் காட்டும் கரிமக் கார்பன்–நீர் பகிர்வுக் கெழு. இதன் எடையை ஒரு சிறு கணக்கு காட்டும். கெழு கிலோகிராமுக்கு 1,00,000 லிட்டர் என்றும், வண்டலில் கரிமக் கார்பன் 2 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், வண்டல்–நீர் கெழு 2,000 ஆகிறது. அப்படியானால் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும்போது, சமநிலையில் வண்டலின் ஒவ்வொரு கிலோகிராமிலும் 2 மில்லிகிராம் இருக்கும். நீரை மட்டும் சோதித்துவிட்டுக் கோப்பை மூடுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆவி அழுத்தத்தையும் கரைதிறனையும் சேர்த்து, பொருள் நீரிலிருந்து காற்றுக்கு எவ்வளவு எளிதில் போகும் என்பதைக் காட்டும் ஹென்றி மாறிலியைக் கணக்கிடுங்கள். கரைதிறன் மிகக் குறைவாக இருந்தால், சாதாரண ஆவி அழுத்தமே பொருளை நீரிலிருந்து காற்றுக்குத் துரத்தப் போதும். டி5 என்றழைக்கப்படும் வளையச் சிலோக்சேன் நல்ல எடுத்துக்காட்டு: லிட்டருக்குச் சுமார் 17 மைக்ரோகிராம் கரைவது, பகிர்வுக் கெழுவின் மடக்கை மதிப்பு ஏறத்தாழ 8, திறந்த கலத்தில் வைத்தால் காற்றுக்கு ஓடும், வண்டல் கிடைத்தால் அதில் தங்கும். இத்தகைய பொருளுக்குக் கலத்தில் காற்றிடமே இல்லாதபடி விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். உயிரிகளின் எண்ணிக்கையை, அந்த நீரிலுள்ள ஆக்சிஜன் போதுமா என்று பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

6. சிதைவைச் சோதித்தல்

எளிதில் மக்கும் தன்மைக்கான ஓஇசிடி 301 வரிசையில் ஆறு முறைகள் உள்ளன. அவற்றில் கரைந்த கரிமக் கார்பனின் மறைவை அளக்கும் முறைகள் நமக்குப் பயன்படா. பொருள் கரையவே இல்லை என்றால் அளக்க எதுவும் இருக்காது. சுவரில் ஒட்டியதும் சிதைந்ததாகத் தோன்றிவிடும். ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் 301எஃப் முறையையோ, வெளிவரும் கார்பன் டைஆக்சைடை அளக்கும் 301பி முறையையோ தேர்ந்தெடுக்க வேண்டும். 28 நாள்களுக்குள், 10 விழுக்காட்டைத் தாண்டிய நாளிலிருந்து பத்து நாள்களில், 60 விழுக்காட்டை எட்டினால் எளிதில் மக்குவது என்று கொள்ளப்படும்.

பொருள் கட்டியாகக் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதன் வெளிப்பரப்பை மட்டுமே தொட முடியும். எனவே மீயொலியால் சிதறடித்தல், சிலிக்கா போன்ற மந்தத் தாங்கியில் பூசுதல், நுண்ணுயிரிகளால் சிதைக்கப்படாத எண்ணெயில் கலத்தல் முதலிய வழிகளில் பரப்பளவை மிகுதியாக்க வேண்டும். எந்த வழியைக் கையாண்டாலும், பொருள் இல்லாமல் அந்தத் தாங்கி மட்டும் உள்ள கலம் ஒன்றையும் நடத்துங்கள்.

இந்தச் சோதனையில் தோற்றால், பொருள் நிலைத்து நிற்பது என்று உடனே எழுதிவிட முடியாது; நுண்ணுயிரிகளுக்குப் பொருள் எட்டாமையும் காரணமாக இருக்கலாம். நிலைப்புத்தன்மையை உறுதிசெய்ய மண்ணுக்கு 307, நீர்–வண்டல் அமைப்புக்கு 308, மேற்பரப்பு நீருக்கு 309 ஆகிய நெறிமுறைகளின்படி அரைவாழ்வுக் காலத்தை அளக்க வேண்டும். பொருள் கடைசியில் சென்று தங்குமிடம் எது என்று ஐந்தாம் படி சொல்லியிருக்கிறதோ, அந்த இடத்துக்கான சோதனையை முதலில் செய்யுங்கள்.

7. சோதனைக் கரைசலைத் தயாரித்தல்

இந்த வேலை முழுவதிலும் கடினமான படி இதுதான். நீரில் கரைந்த நிலையில், கரைதிறன் எல்லைக்குள், சோதனைக் காலம் முழுவதும் மாறாத செறிவில் பொருளை வைத்திருப்பதே இலக்கு.

முதல் தேர்வு, கரைப்பான் எதுவும் சேர்க்காத முறைகள். பொருள் பூசிய நிரலின் வழியே நீரைச் செலுத்தி நிறைவுற்ற கரைசலைப் பெறலாம்; அல்லது சிலிகோன் துண்டில் பொருளை ஏற்றி, அதைச் சோதனைக் கலத்துக்குள்ளேயே வைக்கலாம். இரண்டாவது முறையின் சிறப்பு என்னவென்றால், சுவரில் ஒட்டியும் உயிரிகள் உறிஞ்சியும் காற்றில் கலந்தும் குறையும் பொருளை, சிலிகோன் அவ்வப்போது வெளியிட்டு ஈடுசெய்துகொண்டே இருக்கும். வசதியுள்ள ஆய்வுக்கூடம் இதைவிட்டு வேறு முறைக்குப் போகக் காரணமில்லை என்பது என் கருத்து.

கரைப்பான் தவிர்க்க முடியாதது என்றால், லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது. எல்லாச் செறிவுகளிலும் அதன் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். வெறும் நீர் மட்டும் உள்ள கட்டுப்பாட்டுக் கலத்தோடு, கரைப்பான் சேர்த்த கட்டுப்பாட்டுக் கலமும் வேண்டும். இவ்வளவு சிறிய அளவிலான அசிட்டோனோ எத்தனாலோ நீரில் பொருளின் கரைதிறனை உயர்த்திவிடுவதில்லை என்பதைப் புதியவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அது பொருளை விரைவாகப் பரப்புகிறது, அவ்வளவே. எல்லைக்கு மேல் இட்டால் முதலில் தெளிவாகத் தோன்றி, சில மணி நேரத்தில் பொருள் மீண்டும் பிரிந்து மிதக்கும். நெடுங்காலச் சோதனைகளில் கரைப்பானே பாக்டீரியாக்களுக்கு உணவாகி, கலச்சுவரில் வழுவழுப்பான படலம் வளர்ந்து, ஆக்சிஜனையும் சோதனைப் பொருளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

பால்மமாக்கும் பொருள்களைச் சேர்த்துக் கரைத்துவிட்டதாக எண்ணுவது பழைய பழக்கம். அதைக் கைவிட வேண்டும். நீர் தெளிவாகத் தோன்றினாலும் பொருள் நுண்துளியாகவே இருக்கிறது. சேர்த்த பால்மமாக்கியும் உயிரியின் செவுளைப் பாதிக்கலாம்.

தயாரித்த கரைசலை இருட்டறையில் ஒடுங்கிய ஒளிக்கற்றையின் முன் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஒளியின் பாதை வெண்கோடாகத் தெரிந்தால் உள்ளே துகள் இருக்கிறது. கோடு தெரியாததால் மட்டும் துகளே இல்லை என்று உறுதியாகிவிடாது. லேசர் ஒளிச்சிதறலை அளக்கும் கருவி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

பல கூறுகள் கொண்ட எண்ணெய் போன்ற கலவையாயின் வழி வேறு. ஒவ்வொரு கூறும் வெவ்வேறு அளவில் கரைவதால், நீரில் இட்ட மொத்த அளவையே அடிப்படையாகக் கொண்டு, மெதுவாகக் கலக்கி, அடங்கவிட்டு, நடுப்பகுதி நீரை மட்டும் உறிஞ்சியெடுக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகத் தயாரிப்பது கட்டாயம். அடர்ந்த ஒன்றைத் தயாரித்து அதை நீர்த்துக்கொண்டே போனால், கூறுகளின் விகிதம் உண்மை நிலையிலிருந்து விலகிவிடும்.

8. நீர்வாழ் உயிரிகளில் சோதித்தல்

குறுகிய காலச் சோதனைகள் பாசிக்கு 72 மணி நேரம், டாஃப்னியாவுக்கு 48, மீனுக்கு 96 என அமைந்தவை. கொழுப்பில் மிகுந்த நாட்டம் கொண்ட பொருள் நீரிலிருந்து மீனின் உடலுக்குள் சென்று சமநிலை எய்த வாரங்கள்கூட ஆகலாம். நான்கு நாளில் உடலுக்குள் சேர்ந்த அளவு, விளைவை உண்டாக்கும் அளவை எட்டியிருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் ஒழுங்குமுறை, அரிதாகக் கரையும் பொருள்களுக்கு டாஃப்னியாவில் நெடுங்காலச் சோதனையைக் கருதச் சொல்வதன் காரணம் இதுவே. ஓஇசிடி 211ஆம் நெறிமுறையின் 21 நாள் இனப்பெருக்கச் சோதனையிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் சரியான முடிவு. மீனில் நெடுங்காலச் சோதனை வேண்டுமா என்பதை அதன் முடிவு தெரிந்த பிறகு தீர்மானியுங்கள்.

செறிவை எத்தனை முறை அளப்பது என்பதில் கஞ்சத்தனம் கூடாது. நீரை மாற்றுவதற்குச் சற்று முன்பும் மாற்றிய உடனேயும் அளக்க வேண்டும். டாஃப்னியாவுக்கு உணவாக இடும் பாசியே பொருளை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே உணவு உள்ள கலத்தில்தான் மாதிரி எடுக்க வேண்டும், உணவில்லாத தனிக் கலத்தில் எடுத்த மதிப்பு உயிரி உண்மையில் எதிர்கொண்ட நிலையைக் காட்டாது. அளந்த செறிவு பெயரளவுச் செறிவில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள் நிற்காவிட்டால், முடிவுகளை அளந்த செறிவுகளைக் கொண்டே கணக்கிட வேண்டும். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் இட்டு, தொடக்கத்தில் 40, இறுதியில் 10 என்று அளந்தால், பெருக்குச் சராசரி 20. பெயரளவு மதிப்பை எழுதியிருந்தால், பொருளின் நச்சுத்தன்மை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து தோன்றியிருக்கும்.

உயிரிகளைக் கண்ணால் பாருங்கள். டாஃப்னியா அசையவில்லை என்று குறிப்பதற்கு முன், அது எங்கே கிடக்கிறது என்று கைவில்லையால் கவனிக்க வேண்டும். நீர்ப்பரப்பில் படர்ந்த மெல்லிய படலத்தில் ஓடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் மிதந்தால், அல்லது நீந்தும் உணர்கொம்புகளில் துகள்கள் அப்பியிருந்தால், அது வெறும் பௌதிகப் பாதிப்பு. கரைந்த பொருளின் நச்சு விளைவாக அதைக் கணக்கிட முடியாது. பாசியில் செல்கள் துகளோடு சேர்ந்து திரளுவதும், கலங்கல் ஒளியை மறைப்பதும் இதே வகை. இவை தெரிந்தால், சோதனையைத் திரும்பச் செய்யும் முன் ஏழாம் படிக்குத் திரும்பிக் கரைசலைச் சரிசெய்ய வேண்டும்.

9. விளைவில்லை என்ற முடிவை வாசித்தல்

நிறைவுற்ற கரைசலில் விளைவில்லை என்றால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செறிவு உண்மையிலேயே கரைதிறன் எல்லையை ஒட்டி இருந்ததா? உயிரியின் உடலில் சமநிலை ஏற்படும் அளவுக்குக் காலம் இருந்ததா? பொருளின் உருகுநிலை மிக உயர்ந்ததா? உயர்ந்த உருகுநிலை கொண்ட திண்மங்கள் நிறைவுற்ற நிலையிலும் உடலுக்குள் போதிய அளவு சேராமல், பொதுவான மயக்க நச்சை உண்டாக்காமல் போகலாம்; அந்த விளக்கம் உண்மையானது, ஆனால் தனிச்சிறப்பான நச்சு வழிகளுக்கு அது பொருந்தாது. ஆந்த்ரசீனையே எடுத்துக்கொண்டால், புற ஊதாக் கதிர் பட்டதும் அதன் நச்சுத்தன்மை பன்மடங்கு உயர்கிறது; ஆய்வுக்கூட விளக்கொளியில் நடத்திய சோதனையில் அது வெளிப்படாது.

குறுகிய காலத்தில் விளைவில்லை என்ற முடிவை வைத்து நீருக்கான பாதுகாப்பான செறிவைக் கணக்கிடக் கூடாது. கரைதிறனையே எடுத்து 1,000ஆல் வகுத்து ஒரு மதிப்பை எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

10. உயிர்த்திரட்சியை அளத்தல்

ஓஇசிடி 305ஆம் நெறிமுறையில் நீர் வழியாகவும் உணவு வழியாகவும் மீனுக்குப் பொருளைச் செலுத்தும் முறைகள் உள்ளன. பகிர்வுக் கெழுவின் மடக்கை மதிப்பு 5க்கு மேலாகவும், கரைதிறன் லிட்டருக்கு 0.01 முதல் 0.1 மில்லிகிராமுக்குக் கீழாகவும் இருந்தால், நீர் வழிச் சோதனையில் செறிவை நிலையாக வைப்பது மிகக் கடினம். உணவு வழியே செல்லலாம். நீர் வழியே நடத்தினால், மீந்த தீவனத்தையும் கழிவையும் உடனுக்குடன் அகற்ற வேண்டும். அவற்றிலிருந்து கசியும் கரிமப் பொருள் சோதனைப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்கு எட்டாத அந்தப் பங்கும் நீரின் செறிவோடு சேர்ந்து அளக்கப்பட்டு, நீரிலுள்ளதைப் போல எத்தனை மடங்கு மீனின் உடலில் சேர்கிறது என்பதைக் காட்டும் உயிர்ச்செறிவுக் காரணி உண்மையைவிடக் குறைவாக வந்துவிடும்.

உணவு வழிச் சோதனையில், உணவிலுள்ளதைப் போல எத்தனை மடங்கு உடலில் சேர்கிறது என்பதைக் காட்டும் உயிர்ப்பெருக்கக் காரணி 1க்குக் குறைந்துவிட்டதாலேயே பொருள் திரளாது என்று எழுதக் கூடாது. அது வேறு அளவை. அதை உயிர்ச்செறிவுக் காரணிக்கான 2,000 என்ற வரம்போடு நேரடியாக ஒப்பிட முடியாது. பொருள் உடலைவிட்டு நீங்கும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன்மூலம் ஒப்பீட்டை நடத்துவதே முறை.

11. வண்டலிலும் மண்ணிலும் சோதித்தல்

கொசுவை ஒத்த கடிக்காத பூச்சியின் வண்டல்வாழ் புழுவான கைரோனோமஸில் 218ஆம் நெறிமுறைப்படி 28 நாள், லம்பிரிகுலஸ் புழுவில் 225ஆம் நெறிமுறைப்படி 28 நாள், மண்புழுவில் 222ஆம் நெறிமுறைப்படி 56 நாள் இனப்பெருக்கச் சோதனை என்பவை வழக்கமான தேர்வுகள். வண்டலை விழுங்கி வாழும் லம்பிரிகுலஸை நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்; பொருள் நீர் வழியாக எட்டாவிட்டாலும் குடல் வழியாக எட்டும்.

பொருளைக் கரைப்பானில் கரைத்துச் சிறிதளவு குவார்ட்ஸ் மணலில் ஊற்றி, கரைப்பான் முழுவதும் ஆவியான பிறகு அந்த மணலை வண்டலோடு கலக்க வேண்டும். கலந்தவுடன் உயிரிகளை இடாமல், சமநிலை ஏற்படக் காலம் கொடுங்கள். முடிவுகளைக் கரிமக் கார்பன் அளவோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். இல்லையெனில் வேறு வண்டலோடு ஒப்பிட முடியாது.

சோதனை இல்லாதபோது நீரின் பாதுகாப்பான செறிவிலிருந்து வண்டலுக்கானதைக் கணக்கிடுவது உண்டு. மடக்கை மதிப்பு 5க்கு மேற்பட்டால், விழுங்குவதால் வரும் சேர்க்கையைக் கருதிக் கூடுதலாகப் பத்து மடங்கு பாதுகாப்பைச் சேர்ப்பது ஐரோப்பிய நடைமுறை. நீரின் மதிப்பே குறுகிய கால விளைவின்மையிலிருந்து வந்திருந்தால் இந்தக் கணக்கும் செல்லாது.

12. வகைப்பாடு

உலகளாவிய இணக்க வகைப்பாட்டு முறையான ஜிஎச்எஸ்ஸில், அரிதாகக் கரையும் பொருள்களுக்கென்றே நெடுங்கால நச்சின் 4ஆம் வகை உள்ளது. கரைதிறன் எல்லை வரை குறுகிய கால நச்சு தென்படாவிட்டாலும், பொருள் விரைவில் சிதையாததாகவும் பகிர்வுக் கெழுவின் மடக்கை மதிப்பு 4 அல்லது அதற்கு மேலாகவும் இருந்தால் அது இந்த வகையில் சேரும். அளந்த உயிர்ச்செறிவுக் காரணி 500க்குக் குறைவு என்றோ, நெடுங்கால விளைவற்ற செறிவு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் என்றோ சான்று காட்டினால் விலக்கு உண்டு. புதியவர்கள் இந்த வகையை மறந்துவிட்டு, வகைப்பாடு தேவையில்லை என்று எழுதுவதை அடிக்கடி காண்கிறேன்.

பிறகு, நிலைத்து நிற்பது, உயிரிகளில் திரள்வது, நச்சுள்ளது என்ற மூன்று அளவுகோல்களையும் சேர்த்துப் பாருங்கள். ரீச் ஒழுங்குமுறையின்படி நன்னீரில் அரைவாழ்வு 40 நாள்களுக்கு மேல், நன்னீர் வண்டலிலும் மண்ணிலும் 120 நாள்களுக்கு மேல் என்றால் நிலைத்து நிற்பது. உயிர்ச்செறிவுக் காரணி 2,000ஐத் தாண்டினால் திரள்வது, 5,000ஐத் தாண்டினால் மிகுதியாகத் திரள்வது. நெடுங்கால விளைவற்ற செறிவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குக் கீழென்றால் நச்சுள்ளது. மிகவும் நிலைத்து, மிகுதியாகத் திரளும் பொருளுக்கு நச்சுத்தன்மையை நிறுவ வேண்டிய தேவையே இல்லை.

13. அறிக்கையில் எழுத வேண்டியவை

கரைசல் தயாரித்த முறை, கலக்கிய வேகமும் காலமும், கலத்தின் பொருள், பிரித்தெடுத்த முறை, ஒவ்வொரு அளவீட்டின் நாளும் மதிப்பும், அளக்கத்தக்க கீழெல்லை, ஒளிக்கற்றைச் சோதனையில் கண்டது, பரப்பில் படலம் இருந்ததா என்பது ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். இவையின்றி அடுத்த மதிப்பீட்டாளர் முடிவைச் சரிபார்க்க இயலாது. சோதனையைத் திரும்பக் கேட்பார்.

முடிவு வாக்கியத்தின் சொற்களில் கவனம் வேண்டும். “பொருள் நீர்வாழ் உயிரிகளுக்கு நச்சற்றது” என்று எழுதுவதற்குப் பதிலாக, “20 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு 18 மைக்ரோகிராம் என அளக்கப்பட்ட நிறைவுற்ற கரைசலில், 48 மணி நேரத்தில் டாஃப்னியாவின் அசைவில் பாதிப்பு காணப்படவில்லை, நெடுங்கால விளைவும் வண்டல்வாழ் உயிரிகளின் மீதான விளைவும் இச்சோதனையால் அறியப்படவில்லை” என்பது போல எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு எந்தச் சோதனை இன்னும் மீதமிருக்கிறது என்பது அதிலேயே கிடைத்துவிடும்.